அரணைக்கு மறதி இல்லை: புல் வெட்டப் போகுமுன் வெயிலைப் பார்ப்பது எப்படி

"அரணைக்கு மறதி" என்று எங்கள் பாட்டி சொல்வார். கடிக்க ஓடி வருமாம், பாதி வழியில் எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்பிப் போய்விடுமாம். "அரணை கடித்தால் மரணம்" என்று ஒரு பயமுறுத்தலும் கூடவே வரும். இரண்டும் தவறு. அரணைக்கு விஷம் கிடையாது. மறதியும் கிடையாது. பினாங்கில் 23 வருடமாகப் புல் வெட்டுகிறேன். நிழலிலிருந்து அது வெளியே வருவதும், நின்று பார்ப்பதும், திரும்பி ஓடுவதும் எதற்காக என்று இப்போது எனக்குத் தெரியும். சூடு வேண்டுமென்றால் வருகிறது, போதுமென்றால் போகிறது. நாள் முழுக்க அதுதான் அதன் பிழைப்பு.

இதைத் தெரிந்துகொள்ளாமலே ஏழெட்டு வருடம் மெஷின் ஓட்டியிருக்கிறேன். அதில் எத்தனை செத்தன என்று என்னிடம் கணக்கில்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. 2009, ரெலாவ் பக்கம் ஓர் அடுக்குமாடியின் பின்புறம், காலை 7.40. புல்லில் பனி காயவில்லை. லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமாக மெஷினை வீசிக்கொண்டு போனபோது கம்பியில் ஏதோ மெத்தென்று பட்டது. நிறுத்திப் பார்த்தேன். பெரிய அரணை, வயிறு கிழிந்து கிடந்தது. உள்ளே முட்டை இல்லை, குட்டிகள். நம் வீட்டோரம் வெயில் காயும் இந்தப் பழுப்பு அரணை குட்டி போடும் இனம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆறு இருந்தன. ஒன்றின் வால் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. தாயைக் கையில் எடுத்தேன். ஈரமண் மாதிரி சில்லென்று இருந்தது. செத்த குளிர் இல்லை அது, செத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கு முழுக்க ஒரே கேள்விதான் மனத்தில். இந்த மெஷின் போடும் சத்தத்துக்கு நாலு வீடு தள்ளிப் படுத்திருக்கும் பூனையே எழுந்து ஓடும். இது ஏன் ஓடவில்லை? மகள் அப்போது ஐந்தாம் படிவத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "ஓடணும்னு அதுக்கு மனசு இருந்திருக்கும்பா, உடம்புல சூடு இருந்திருக்காது" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் என் வேலை நேரமே மாறியது. பின்னால் அவள் குளுகோரில் பல்கலைக்கழகம் போனாள். அங்கே படித்ததையெல்லாம் வீட்டில் எனக்கும் சொல்லுவாள். இங்கே நான் எழுதும் ஆராய்ச்சி விஷயங்கள் அவள் வழியாக வந்தவை, புல்வெளியில் பார்த்தவை என்னுடையவை.

குத்தகைக்கு வெட்டுகிறவர்களுக்கும், சொந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மெஷின் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. நாம் சாப்பிடும் சோற்றின் பெரும்பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. அரணையும் ஓணானும் அந்தச் செலவைச் செய்வதில்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. "குளிர் ரத்தப் பிராணி" என்று பள்ளியில் படித்தோமே, அது சரியான பேர் இல்லை. வெயிலில் நடமாடும் ஓணான், அரணை வகைகளில் பெரும்பாலானவை 30-லிருந்து 40 டிகிரிக்குள் ஏதோ ஓர் அளவில் உடம்பை வைத்துக்கொள்ளப் பார்க்கும். பகல் பதினொரு மணிக்கு அதன் ரத்தமும் நம் ரத்தமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். ராத்திரி இங்கே 24, 25 டிகிரிக்கு இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கிவிடும். குளிர் நாட்டு ஓணான் மாதிரி விறைத்துக் கிடக்காது, அசையும். ஆனால் ஓட்டத்தில் முழு வேகம் இராது.

வெறுமனே வெயிலில் கிடந்து காய்கிற பிராணி என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இருவர் கலிஃபோர்னியாப் பாலைவனத்து ஓணான்களையும் பாம்புகளையும் பார்த்து 1944-ல் எழுதிய ஆய்வுதான் அந்த எண்ணத்தை மாற்றியது. வெயிலும் நிழலும் இரண்டும் கிடைத்தால் ஓணான் தன் உடம்புச் சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கிறது. நிழலை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறது. பாலைவனத்துப் பிராணிக்கே அந்தக் கதி. பிடித்த அரணையைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வெயிலில் வைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஜாடிக்குள் அதற்குப் போக நிழல் இல்லை. 45 டிகிரியை நெருங்கினாலே பெரும்பாலானவற்றுக்கு உயிர் தங்காது.

கடிகாரத்தை நம்பாதீர்கள்

1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை. மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 1.02-லிருந்து 1.33 வரை ஆகும். காலை எட்டு மணி என்று நாம் சொல்வது வெயில் கணக்கில் ஏழு மணிகூட ஆகாத நேரம். "எட்டு மணிக்குமேல்தானே வெட்டினேன்" என்று சொல்லிப் பயனில்லை. கட்டடத்தின் நிழல் புல்லைவிட்டு எப்போது விலகுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். கிழக்கு பார்த்த திடலில் ஒன்பதரைக்கே அரணை தயாராகிவிடும். கிழக்குப் பக்கம் உயரமான புளோக் நிற்கும் பின்சந்தில் பதினொன்று ஆனாலும் ஆகாது. ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான் எந்தத் திடலை முதலில் வெட்டுவது, எதைக் கடைசியில் வெட்டுவது என்பதை இப்படித்தான் முடிவு செய்கிறேன்.

நிழலைப் பாருங்கள்

எல்லாவற்றையும்விட எனக்கு உபயோகமானது இதுதான். ஓணானைப் பார்ப்பதற்கு முன்னால் அது தரையில் போடும் நிழலைப் பாருங்கள்.

என் வீட்டு வேலியில் ஒரு ஓணான் இருக்கிறது. மலாய்க்காரர்கள் சும்பா சும்பா என்பார்களே, அந்த வகை. நம்மில் பலர் பச்சோந்தி என்றே சொல்கிறோம். காலையில் வெயில் வேலிக்கு வந்ததும் உச்சிக்கம்பத்துக்கு ஏறும். ஏறும்போது உடம்பு கருத்திருக்கும், புகைபிடித்த சட்டி மாதிரி. கருப்பு வெயிலை அதிகம் இழுக்கும், அதற்காகத்தான் அந்த நிறம். கம்பத்தில் வந்ததும் விலாப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டித் திரும்பும். பிறகு விலாவெலும்பை விரித்து உடம்பைத் தட்டையாக்கும், அப்பளத்தை விரித்த மாதிரி. அப்போது கீழே சிமெண்டில் விழும் நிழலைப் பார்த்தால் உடம்பைவிட அகலமாகத் தெரியும். கண் பாதி மூடியிருக்கும். கிட்டப் போனால்கூட நகராது.

இருபது இருபத்தைந்து நிமிடம் போகும். மெல்ல மெல்ல கருப்பு விட்டு மணல் நிறம் ஏறும். முதுகு உயரும், முன்னங்கால் நிமிரும், தலை இப்படியும் அப்படியும் திரும்பும். நிழல் ஒடுங்கிவிடும். இப்போது நீங்கள் வாசற்கதவைத் திறந்தாலே போதும், கம்பத்தின் மறுபக்கம் போய்விடும். அதுதான் ஓடத் தயாரான ஓணான். நான் மெஷினில் எண்ணெய் ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

உச்சிவெயில் நேரத்தில் இன்னொரு உருவம் தெரியும். முகத்தைச் சூரியனுக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்கும், அதனால் நிழல் குச்சி மாதிரி மெலிந்திருக்கும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சூடு இறங்குவதற்காக. சூடான சிமெண்டாக இருந்தால் வயிற்றைத் தூக்கி, வாலைத் தூக்கி, விரல் நுனிகளைக்கூட மேலே வைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் நமீப் பாலைவனத்து மணல் ஓணான் ஒன்று இரண்டு கால் தரையில், இரண்டு கால் காற்றில் என்று மாற்றி மாற்றி நிற்குமாம். காணொளியில் பார்த்தபோது, தீமிதியில் பூக்குழி தாண்டி வந்தவர் கால் மாற்றி நிற்பதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஓணானின் தலை உச்சியைக் கைபேசியில் கிட்டப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு செதிலில் சின்னப் புள்ளி தெரியும். அதுவும் ஒரு கண்தான். உருவம் பார்க்காது, வெளிச்சத்தை மட்டும் உணரும். ஸ்டெபின்ஸ், ஈக்கின் என்ற இருவர் 1958-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கண்ணை எடுத்துவிட்ட ஓணான்கள் மற்றவற்றைவிட அதிக நேரம் வெளிச்சத்தில் கிடந்தன. "போதும், உள்ளே போ" என்று சொல்வதில் அந்தப் புள்ளிக்கு ஒரு பங்கு இருக்கிறது. பல்லிக்கு அது இல்லை.

குளிர்ந்த ஓணானைத் தைரியசாலி என்று நினைத்து ஏமாறாதீர்கள். காலையில் கிட்டப் போனால் வாயைப் பிளந்து நின்ற இடத்திலேயே நிற்கும் ஓணானை நானே பாராட்டியிருக்கிறேன். 1982-ல் இஸ்ரேலில் அதன் உறவுக்கார ஓணான்களை வைத்துப் பார்த்தார்கள். உடம்பு சூடாக இருக்கும்போது ஓடுகின்றன. குளிர்ந்திருக்கும்போது ஓடினால் தப்ப முடியாதென்று நின்று வாயைக் காட்டிச் சண்டைக்கு வருகின்றன. மெஷினுக்கு முன்னால் வாயைப் பிளந்து நிற்கும் ஓணான் உங்களிடம் கொஞ்சம் நேரம் கேட்கிறது. கொடுங்கள்.

சூடு அளக்கும் கருவி

நெற்றியில் பிடிக்கும் கருவி இதற்குச் சரிப்படாது, அது மனித உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டும் காட்டும். வண்டிப் பட்டறைகளில் வைத்திருப்பார்களே, துப்பாக்கி வடிவத்தில், அதை வாங்குங்கள். அதில் 12:1 என்று எழுதியிருக்கும். 12 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 1 சென்டிமீட்டர் வட்டத்தை அளக்கும் என்று அர்த்தம். ஒரு மீட்டர் தள்ளி நின்று அரணையைக் குறிபார்த்தால் அது அளப்பது எட்டு சென்டிமீட்டர் வட்டம். அரணையின் முதுகு மூன்று விரல்கூட அகலம் இல்லை, ஆகவே நீங்கள் அளந்தது பக்கத்துச் சிமெண்டை. அதனால் பிராணியை விடுங்கள், அது கிடக்கும் இடத்தை அளந்து பழகுங்கள். பளபளக்கும் புதுத் தகரத்தில் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பக்கூடாது. சிவப்பு லேசர் ஒளி அதன் கண்ணில் படக்கூடாது.

ஒரு மார்ச் மாதம் பாயான் லெப்பாஸில் நான் எழுதி வைத்தது: காலை எட்டு மணிக்கு ஈரப்புல் 25, லோங்காங் விளிம்பு 26. ஒன்பதரைக்குப் புல் 27, விளிம்பு 33. பிற்பகல் ஒன்றரைக்கு நிழலில் உள்ள புல்லடி 30, விளிம்பு 47, தார்ச்சாலை 53. இந்த எண்களைப் பார்த்தாலே அரணை எந்த மணிக்கு எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். ஒன்பதரைக்கு விளிம்பில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும், வெயில் மேலேயிருந்தும் சிமெண்ட் கீழேயிருந்தும் சூடு கொடுக்கும். ஒன்றரைக்குப் புல்லின் அடியில் பதுங்கியிருக்கும்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். "மத்தியானம் வெட்டினால் ஒன்றும் சாகாது, வெளியே ஒன்றையும் காணோம்" என்று என் ஆட்களில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே இல்லாததற்குக் காரணம், நாம் வெட்டப்போகும் அடர்புல்தான் அந்த நேரத்தில் அதற்கு வீடு. காலையில் ஓட முடியாது, மத்தியானத்தில் ஓட இடம் இல்லை. நடுவில் இருக்கும் நேரம்தான் நமக்கு. வெயில் நன்றாக இருக்கும் நாளில் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை, பிறகு நாலரைக்குமேல் நிழல் சாயத் தொடங்கியதும்.

வெட்டும் முறை

வேலையாட்களுக்குக் காலைக் குளிர்ச்சியில் வேலை முடிந்தால் நல்லது என்பதை மறந்து பேசவில்லை. நாங்களும் வெயிலில் கருகுகிற ஜாதிதான். அதனால் வேலையின் வரிசையை மாற்றினேன். எட்டிலிருந்து பத்துவரை கூட்டுவது, உயரமான வேலிச்செடியைக் கத்தரிப்பது, கத்தி தீட்டுவது, நைலான் கயிறு சுற்றுவது. பசியாறிவிட்டு வந்து மெஷின். இரண்டு மணி நேரம் வெட்டு, பிறகு எல்லோரும் நிழல். அதே ஆள், அதே சம்பளம், திடலும் முடிகிறது.

ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வெட்டிக்கொண்டு போகாதீர்கள். பிராணிகளெல்லாம் நடுவில் மிஞ்சும் தீவுக்குள் ஒதுங்கி, கடைசி இரண்டு வீச்சில் மாட்டிக்கொள்ளும். சுவரோ லோங்காங்கோ இல்லாத பக்கம் தொடங்கி, புதரோ வேலியோ இருக்கும் பக்கமாக நகருங்கள். முதல் வீச்சுக்கு முன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டே காலை நன்றாக ஊன்றி ஒருமுறை நடந்து வாருங்கள். மிதியின் அதிர்வுக்கே அரணை விலகும். விலகாமல் ஒன்று கிடந்தால் அந்த இடத்தைக் கடைசிக்கு விடுங்கள். சுவரடியில் ஒரு முழம் புல்லை வெட்டாமல் விடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்டவர்களில் பாதிப் பேர் சம்மதித்திருக்கிறார்கள், "பாம்பு வரும்" என்று மறுத்தவர்களும் உண்டு.

மழை பெய்து விட்டதும் அவசரப்படக்கூடாது. ஒரு கால்மணி நேர மழை அதன் உடம்புச் சூட்டை முழுக்க வாங்கிவிடும். மீண்டும் வெயில் வந்து நாற்பது நிமிடமாவது போகட்டும். அப்போதுதான் தார்ச்சாலைக்கும் வரும், புல்லைவிடச் சாலை சீக்கிரம் காய்ந்து சூடாகும் என்பதால். தாமானுக்குள் மோட்டார் ஓட்டுகிறவர்கள் மழைவிட்ட வெயிலில் சாலை ஓரத்தைக் கொஞ்சம் பார்த்து ஓட்டுங்கள். நாள் முழுக்க மேகமாக இருந்தால் அடர்ந்த இடங்களைத் தொடவே மாட்டேன், திறந்த திடலோடு முடித்துக்கொள்வேன்.

உடும்பு வேறு கணக்கு. லோங்காங்கில் பியாவாக்கைப் பார்த்தால் சனம் கல்லைத் தேடுகிறது, பாவம். பெரிய உடம்பு சீக்கிரம் சூடேறாது, அதனால் காலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் கிடக்கும். ஏறிய சூடு சீக்கிரம் இறங்கவும் செய்யாது. 1963-ல் பார்த்தலோமியூ, டக்கர் இருவரும் ஆஸ்திரேலிய ஓணான் ஒன்றில் அளந்து பார்த்தார்கள். சூடேறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, ஆறும்போது அதே சூட்டில் மெதுவாக அடிக்கிறது. வாங்குவதை அவசரமாக வாங்கி, விடுவதை நிதானமாக விடுகிறது. அது எழுந்து போகும்வரை வேறு பக்கம் வெட்டுங்கள். தண்ணீரை அடித்து விரட்டாதீர்கள், அதுவரை சேர்த்த சூடெல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

பல்லிக்கு ராத்திரிதான் வேலை. ஆனாலும் பகல் வெயிலைச் சுவர் வழியாக வாங்கிக்கொள்கிறது. மேற்குச் சுவரில் சாய்த்து வைத்த பலகையின் பின்னால், மீட்டர்ப் பெட்டிக்குள் பகலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பலகையை மெதுவாக எடுங்கள், அவ்வளவுதான்.

காய்ச்சல் கண்ட ஓணானைப் பற்றியும் சொல்லவேண்டும். நமக்குக் கிருமி தொற்றினால் உடம்பு தானாகச் சுடுகிறது. ஓணானால் உள்ளிருந்து சுட வைக்க முடியாது, அதனால் அதிகச் சூடான இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்து காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது. மத்தேயு க்ளூகர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பாலைவன ஓணானில் இதை 1974-ல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம், கிருமி ஏற்றிய ஓணான்களை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தபோது, சூடான இடத்தில் இருந்தவைதான் அதிகம் பிழைத்தன. ஆகவே அடிபட்டோ நோயாகவோ கிடக்கும் ஓணானைக் கண்டால் வீட்டுக்குள் கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். பாதி வெயில், பாதி நிழல் விழும் இடத்தில், செடி அடியில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். எவ்வளவு சூடு வேண்டுமென்பது அதற்குத் தெரியும்.

வீட்டில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். பழைய கூரை ஓடு நான்கைந்தை, காலை வெயில் விழும் இடத்தில், செடியின் நிழலிலிருந்து இரண்டடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே காயலாம், இடுக்கில் ஒளியலாம், இரண்டடி ஓடினால் நிழல். தூரம் கூடினால் பூனையோ காக்கையோ நடுவழியில் பிடித்துவிடும். பக்கத்தில் மண் இளகியிருந்தால் ஓணான் குழி தோண்டி முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும், அந்த இடத்தில் மண்வெட்டி போடாதீர்கள்.

எங்கே போய்ப் பார்த்துப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் தண்ணீர்மலை. முருகனைக் கும்பிட 513 படி ஏறும்போது, பாதிப்படியில் மூச்சு வாங்க உட்காருவோமே, அங்கே படியோரத்துச் சிமெண்டில் அரணை இருக்கும். பக்கத்திலேயே 1884-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அங்கே ஓடையோரம் உடும்பு, மரத்தில் பறக்கும் ஓணான். காலை ஒன்பது மணிக்குப் போங்கள். குரங்குக்குத் தீனி கொடுக்காதீர்கள், கையில் பை வேண்டாம். ஒரே ஒரு அரணையைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒவ்வொரு நிமிடமும் வெயிலா நிழலா என்று மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். போன மாதம் என் பேரனோடு போனேன், வயது எட்டு. முப்பது நிமிடத்தில் பதினோரு தடவை வெளியே வந்து பதினோரு தடவை உள்ளே போனதென்று எழுதியிருந்தான். "தாத்தா, இது எதையும் மறக்கலையே" என்றான். தாள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.